டேட் பிக்கரில் எழுத்தே தெரியலையா? ஆப்பில் தேதி எப்படித் தெரியணும்னு முடிவு செய்வது யார்?

ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், டாக்டர் அப்பாயின்ட்மென்ட்... எந்த ஆப்பைத் திறந்தாலும் ஓர் இடத்தில் நின்றே ஆக வேண்டும். அது தேதி கேட்கும் இடம். கட்டத்தைத் தொட்டதும் ஒரு காலண்டரோ, உருட்டும் சக்கரமோ திரையில் வந்து நிற்கும். ஆப் உருவாக்குபவர்கள் இதை ‘டேட் பிக்கர்’ என்கிறார்கள்.

பார்க்க சின்ன விஷயம்தான். ஆனால் எழுத்து மங்கலாகத் தெரிந்து 16-க்குப் பதில் 18-ஐத் தொட்டுவிட்டால், டிக்கெட்டை ரத்து செய்யும் கட்டணம் நம் தலையில். பிறந்த தேதி ஒரு நாள் தப்பினாலும் ஆதாரில் உள்ள தேதியோடு ஒத்துப்போகாது. கேஒய்சி அங்கேயே நின்றுவிடும். வயதானவர்கள் பலர் இந்த இடம் வந்ததும் போனைப் பேரனிடம் நீட்டுவது சும்மா இல்லை.

‘அவங்களுக்குப் போன் பழக்கமில்லை’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் பிழை அவர்களிடம் இல்லை. அந்தக் காலண்டரின் எழுத்து, கலர், அளவு ஆகியவற்றில் இருக்கிறது.

மூன்று பேர் கையில் ஒரு தேதி

டேட் பிக்கரை ஒவ்வொரு ஆப்பும் சொந்தமாக வரைவதில்லை. பெரும்பாலான ஆப்கள் போனின் ஆபரேட்டிங் சிஸ்டம் தரும் ரெடிமேட் காலண்டரை வாங்கி, தங்கள் பிராண்டுக்கு ஏற்ப கலரை மட்டும் மாற்றிக்கொள்கின்றன. எனவே முதல் முடிவு ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் உடையது. இரண்டாவது முடிவு ஆப் நிறுவனத்துடையது. மூன்றாவது, போன் செட்டிங்ஸில் நீங்கள் தேர்வு செய்திருக்கும் மொழி, எழுத்து அளவு, டார்க் மோடு.

இந்த மூன்றும் ஒத்துப்போனால் பிரச்னையே இல்லை. ஒருவர் செய்ததை இன்னொருவர் கவனிக்காதபோதுதான் எழுத்து காணாமல் போகிறது.

வெள்ளை மேல் வெள்ளை

இதற்கு நல்ல உதாரணம் ஐபோன். 2019-ல் வந்த ஐஓஎஸ் 13-ல் ஆப்பிள் டார்க் மோடைக் கொண்டுவந்தது. டார்க் மோடு ஆன் செய்தால், தேதிச் சக்கரத்தின் எழுத்து தானாகவே கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும். பின்னணியும் கறுப்பாக மாறினால் எல்லாம் சரி. ஆனால் பல ஆப்களில் பின்னணி ‘எப்போதும் வெள்ளை’ என்று கோடில் நிரந்தரமாக எழுதப்பட்டிருந்தது. விளைவு, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. சக்கரம் சுற்றும், ஆனால் ஒண்ணுமே தெரியாது.

எழுத்தின் கலரை மட்டும் மாற்றிவிடலாமே என்றால், ஆப்பிள் அதற்கு நேர்வழி வைக்கவில்லை. தேதிச் சக்கரத்தின் எழுத்துருவையோ எழுத்துக் கலரையோ மாற்ற அதிகாரப்பூர்வமான வசதி கிடையாது. டெவலப்பர்கள் பலர் ஆவணங்களில் சொல்லப்படாத ஒரு பின்வாசல் வழியாகக் கலரை மாற்றி வந்தார்கள். பின்வாசலில் ஒரு சிக்கல் உண்டு: அடுத்த அப்டேட்டில் அது திறக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த இடத்தில் பாதுகாப்பான வழி வேறு. ‘இந்தத் திரை மட்டும் எப்போதும் லைட் மோடில் இருக்கட்டும்’ என்று ஆப் அறிவித்துவிடலாம். அதற்கு ஐஓஎஸ் 13-லேயே அனுமதி உண்டு.

அடுத்த ஆண்டே இன்னொரு மாற்றம். 2020-ன் ஐஓஎஸ் 14-ல் சக்கரத்துக்குப் பதில், தேதி எழுதிய சின்ன சாம்பல் நிற பட்டன் வந்தது. தொட்டால் காலண்டர் விரியும். கோடைத் திருத்தாத ஆப்களில் பெரிய சக்கரம் இருந்த இடத்தில் ஒரு ஓரமாகச் சின்ன பட்டன் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. அலாரம் வைக்கும் இடத்திலும் சக்கரத்தை எடுத்துவிட்டதால் ஐபோன்காரர்கள் புலம்பித் தீர்த்தார்கள். ஐஓஎஸ் 15-ல் அலாரத்துக்குச் சக்கரம் திரும்பி வந்தது.

1958-க்குப் போக எத்தனை முறை தட்டுவது?

ஆண்ட்ராய்டின் கதை வேறு. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-ல் பழைய சக்கரம் போய், மாதக் காலண்டர் வந்தது. மேலே கலர் பட்டையில் கிழமை, மாதம், நாள் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கும் மேலே, சின்னதாக, கொஞ்சம் மங்கலாக வருடம்.

அந்த வருடத்தைத் தொட்டால் வருடங்களின் பட்டியல் திறக்கும். விரும்பும் ஆண்டுக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதைத் தொடலாம் என்று அந்த எழுத்து எங்கேயும் சொல்லவில்லை. கோடு இல்லை, அம்புக்குறி இல்லை, பட்டன் மாதிரி தோற்றமும் இல்லை. பார்த்தால் வெறும் தலைப்பு.

இதைத் தெரியாதவர் என்ன செய்வார்? மாதத்தின் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டுவார். ஒரு தட்டுக்கு ஒரு மாதம். 1958-ல் பிறந்தவர் 2025-லிருந்து பின்னால் போக வேண்டும் என்றால் 67 ஆண்டுகள், ஆண்டுக்கு 12 மாதங்கள்; 800 தடவைக்கு மேல் தட்ட வேண்டும். பாதியிலேயே ஆப்பை மூடிவிட்டு, இ-சேவை மையத்துக்குப் போவதுதான் சுலபம் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இங்கே பற்றாக்குறை வசதியில் இல்லை, வசதி இருக்கிறது. அதைக் காட்டும் எழுத்தின் தோற்றத்தில்தான் கோளாறு. கூகுள் பின்னாளில் தந்த மெட்டீரியல் டேட் பிக்கரில் மாதம், வருடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் வந்தது. பென்சில் படம் ஒன்றும் சேர்ந்தது. அதைத் தொட்டால் கீபோர்டில் தேதியை நேராக டைப் செய்யலாம். பழைய காலண்டரையே வைத்திருக்கும் ஆப்களில் இந்த இரண்டும் இருக்காது. அங்கே மேலே உள்ள வருடத்தைத் தொட்டுப் பாருங்கள்.

பிறந்த தேதிக்குக் காலண்டரே தேவையா என்பது இன்னொரு கேள்வி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்ன தேதி என்று பார்க்கக் காலண்டர் வேண்டும். சொந்தப் பிறந்தநாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க யாருக்கும் காலண்டர் வேண்டாம். பிரிட்டன் அரசின் இணையதளங்களுக்கான வடிவமைப்பு விதிகள், பிறந்த தேதி போன்றவற்றுக்கு நாள், மாதம், வருடம் என மூன்று கட்டங்கள் வைத்து டைப் செய்ய விடச் சொல்கின்றன. பார்க்க அழகாக இருக்காது. வேலை நடக்கும்.

பிராண்டு கலர் அழகு... தேதி எங்கே?

ஆப் நிறுவனங்கள் டேட் பிக்கரில் முதலில் கைவைப்பது கலரில்தான். தேர்வு செய்த தேதியைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் வெள்ளை எழுத்து. நிறுவனத்தின் கலர் அடர் நீலம் என்றால் பளிச்சென்று தெரியும். பளிச் மஞ்சள் என்றால்?

இதை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை விகிதமாகச் சொல்வார்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் 21:1, அதுதான் உச்சம். இணையத்தை எல்லோரும் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச விதிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. பளிச் மஞ்சள் வட்டத்துக்குள் வெள்ளை எழுத்து போட்டால் கிடைப்பது சுமார் 1.2:1. ஆரஞ்சு என்றாலும் 2-ஐ ஒட்டித்தான் வரும். ஏசி அறையில் டிசைன் செய்தவருக்குத் தெரிந்திருக்கலாம். வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வட்டத்தின் கலரை மாற்ற மனமில்லை என்றால், உள்ளே இருக்கும் எழுத்தைக் கறுப்பாக்கினாலே போதும்.

கலரில் இன்னொரு குழப்பமும் நடக்கும். காலண்டரில் ‘இன்று’ என்பதற்கு ஓர் அடையாளம், ‘நீங்கள் தேர்வு செய்தது’ என்பதற்கு வேறு அடையாளம் இருக்கும். ஆண்ட்ராய்டின் மெட்டீரியல் காலண்டரில் இன்றைய தேதிக்கு வெறும் வளையம், தேர்வு செய்த தேதிக்கு நிரப்பிய வட்டம். ஆப் தன் இஷ்டத்துக்கு இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால், நாளைக்கு டிக்கெட் எடுக்க வந்தவர் இன்றைக்கு எடுத்துவிட்டுப் போவார்.

சாம்பல் நிறத் தேதிகளையும் சொல்ல வேண்டும். ரயிலில் இப்போது 60 நாட்கள் முன்பு வரைதான் முன்பதிவு. 2024 நவம்பர் 1-க்கு முன்பு இது 120 நாட்களாக இருந்தது. எல்லைக்கு வெளியே உள்ள தேதிகளைத் தொட முடியாது என்பதைக் காட்ட, டேட் பிக்கர் அவற்றை மங்கலாக்கிவிடும். கூகுளின் மெட்டீரியல் வழிமுறையில் இப்படி முடக்கப்பட்ட எழுத்து 38 சதவீத அடர்த்தியில் வரும். ஆனால் ஸ்டைலுக்காக எல்லாத் தேதியையுமே வெளிர் சாம்பலில் போட்டால், எது இருக்கிறது, எது இல்லை என்று யாருக்குத் தெரியும்?

தமிழில் வைத்தால் என்ன ஆகும்?

போன் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் டேட் பிக்கரும் தமிழில் வரும். மாதப் பெயர், கிழமைப் பெயர்களை யாரோ ஒரு டெவலப்பர் மொழிபெயர்ப்பதில்லை. யூனிகோடு அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற பொதுத் தரவுத் தொகுப்பிலிருந்து போன் எடுத்துக்கொள்கிறது. அதில் காலண்டர் தலைப்புக்கான குறுகிய கிழமைப் பெயர்கள் இவை: ஞா, தி, செ, பு, வி, வெ, ச.

ஆங்கிலத்தில் முதல் எழுத்தை மட்டும் போட்டால் சன்டே, சாட்டர்டே இரண்டுக்கும் ஒரே எழுத்து. டியூஸ்டே, தர்ஸ்டேவுக்கும் ஒரே எழுத்து. தமிழில் ஏழுக்கும் ஏழு வெவ்வேறு எழுத்து. இந்த விஷயத்தில் தமிழ்க் காலண்டர் ஆங்கிலத்தைவிடத் தெளிவானது.

ஆனால் சில ஆப்கள் இந்தப் பட்டியலைப் பயன்படுத்தாமல், முழுப் பெயரை எடுத்து ‘முதல் எழுத்தை வெட்டு’ என்று கோடில் எழுதிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு?

கம்ப்யூட்டருக்கு ‘செ’ என்பது ஓர் எழுத்து அல்ல. ‘ச’ ஒரு குறியீடு, ஒற்றைக்கொம்பு இன்னொரு குறியீடு. இரண்டும் சேர்ந்துதான் ‘செ’. திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், உள்ளே சேமிக்கப்படும் வரிசையில் ‘ச’ முதலில், கொம்பு அதற்குப் பிறகு. ஜாவா, கோட்லின், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல் மொழிகளில் முதல் குறியீட்டை மட்டும் வெட்டினால் கொம்பு கீழே விழுந்துவிடும். ‘ச’ மட்டும் மிஞ்சும். அப்படி வெட்டினால் வாரம் இப்படி ஆகிறது: ஞ, த, ச, ப, வ, வ, ச.

செவ்வாயும் சனியும் ஒன்றாகிவிட்டன. வியாழனும் வெள்ளியும் ஒன்றாகிவிட்டன. வெள்ளி, சனி பார்த்து ஊருக்கு டிக்கெட் போடுகிறவருக்கு இது விளையாட்டு விஷயமில்லை. உயிர்மெய் எழுத்தை உடைக்கக் கூடாது என்று இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். கோடுக்கு யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி இதில் பரவாயில்லை. அது ‘செ’யை ஒரே எழுத்தாகத்தான் எண்ணுகிறது.

மாதப் பெயரை ஆங்கிலப் பழக்கத்தில் மூன்று குறியீடாக வெட்டினாலும் இதே கதிதான். பிப்ரவரி ‘பிப’ ஆகும், ஜூன் ‘ஜூன’ ஆகும், ஜூலை ‘ஜூல’ ஆகும். புள்ளி போய்விடும், ஐகாரம் போய்விடும். இப்படி எங்காவது பார்த்தால், அது தமிழ்த் தெரியாத மொழிபெயர்ப்பாளர் செய்தது இல்லை. வெட்டும் கத்தி செய்தது.

எழுத்துருவிலும் ஒரு சிக்கல் உண்டு. நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் பிராண்டு எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்கும். தமிழ் வரும்போது போன் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவை எடுத்து நிரப்பும். ஆண்ட்ராய்டில் அது பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம். எண் ஒரு தடிமனில், மாதப் பெயர் வேறு தடிமனில் தெரிவது இதனால்தான். அதோடு, ‘கி’, ‘கு’, ‘ஜூ’ மாதிரியான எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். வரியின் உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து பூட்டிவிட்டால் மேலே சுழியும் கீழே வாலும் வெட்டுப்படும்.

04/05 என்றால் மே மாதமா, ஏப்ரலா?

இந்தியாவில் விற்கும் போனிலும் மொழி ‘அமெரிக்க ஆங்கிலம்’ என்று இருந்தால், தேதி மாதத்தில் தொடங்கும். 04/05/2025 என்றால் நமக்கு மே 4. அந்தப் போனுக்கு ஏப்ரல் 5. தேதி 12-க்கு மேல் இருந்தால் தவறு உடனே தெரிந்துவிடும். 12-க்குள் இருந்தால் இரண்டு பக்கமும் சரியாகத் தோன்றும், அதுதான் ஆபத்து. ‘பிரிட்டிஷ் ஆங்கிலம்’ என்று வைத்தால் தேதி வரிசை நம்முடையதுதான், ஆனால் வாரம் திங்கள்கிழமையில் தொடங்கும். கிழமையின் பெயரைப் படிக்காமல், ‘கடைசிக் கட்டம் சனி’ என்று கையைப் பழக்கியவர் ஞாயிற்றைத் தொட்டுவிடுவார். மொழியை ‘ஆங்கிலம் (இந்தியா)’ என்று மாற்றினால் நாள் முதலில், ஞாயிறு முதலில்.

தேதியை எண்ணால் மட்டும் காட்டாமல் ‘4 மே 2025’ என்று மாதப் பெயரோடு காட்டும் ஆப்பில் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

திரையில் தெரியும் எழுத்து வேறு, ஆப் உள்ளே அனுப்பும் தேதி வேறு என்று பிரித்து வைப்பதுதான் முறை. 1988-ல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் வருடம், மாதம், நாள் என்ற வரிசையைச் சொல்கிறது. பிரவுசரில் திறக்கும் டேட் பிக்கரும் திரையில் எப்படிக் காட்டினாலும், சர்வருக்கு அந்த வரிசையில்தான் அனுப்பும். சில ஆப்கள் இதைச் செய்யாமல், திரையில் தெரிவதை அப்படியே எடுத்து அனுப்பிவிடும். தாய்லாந்தில் புத்த நாட்காட்டி வைத்திருக்கும் ஐபோனில் 2025 என்பது 2568 என்று தெரியும். ஜப்பானில் 2019 மே 1-ல் தொடங்கிய ரெய்வா ஆண்டுக் கணக்கில் 2025 என்பது வெறும் 7. மராத்தி மொழி வைத்த ஆண்ட்ராய்டு போனில் எண்களே தேவநாகரியில் வரும். அதை அப்படியே வாங்கும் சர்வர் என்ன செய்யும் பாவம், ‘தேதி தவறு’ என்று திருப்பி அனுப்பும். தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழ் மொழி வைத்தாலும் போன் காட்டுவது 1, 2, 3-தான். ௧, ௨, ௩ அல்ல.

எழுத்தைப் பெரிசாக்கினால் ஏன் காலண்டர் பெரிசாவதில்லை?

செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கிய பிறகும் டேட் பிக்கரில் எண்கள் சின்னதாகவே இருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். காரணம் எளிது. வாரத்துக்கு ஏழு நாள், திரையின் அகலத்தில் ஏழு கட்டம். கட்டத்தை அகலமாக்க இடமில்லை. ஆண்ட்ராய்டு 14-லிருந்து எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். அந்த அளவில் இரண்டு இலக்க எண்கள் பக்கத்துக் கட்டத்தில் இடிக்கும். அதனால் சில கருவிகள் உச்சவரம்பு வைத்துவிட்டன. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே கோடில் ஆப் செய்ய உதவும் கூகுளின் ஃப்ளட்டரில், டேட் பிக்கர் எழுத்து 1.3 மடங்குக்கு மேல் வளராது என்ற வரம்பு நீண்ட காலம் இருந்தது.

இதே ஃப்ளட்டரில் எழுத்தின் தோற்றத்தை மாற்ற நிறைய சுதந்திரம் உண்டு. தலைப்பு, கிழமை, நாள், வருடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்து, தனித்தனி கலர் வைக்கலாம். ரியாக்ட் நேட்டிவ் என்ற இன்னொரு கருவியின் பிரபலமான டேட் பிக்கரில் எழுத்துக் கலரை ஐபோனில் மட்டுமே மாற்ற முடியும், அதிலும் சக்கர வடிவத்தில் மட்டும். இந்தக் கட்டுப்பாடுகள் எரிச்சலூட்டுவதால், ‘நாமே ஒரு காலண்டர் வரைந்துவிடலாம்’ என்று சில நிறுவனங்கள் இறங்கிவிடுகின்றன. அழகு வந்துவிடும். ஆனால் கண் பார்வை இல்லாதவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் வசதிகளுக்கு ரெடிமேட் காலண்டர் ‘ஆகஸ்ட் 15, வெள்ளி’ என்று முழுதாகச் சொல்லும். கையால் வரைந்த காலண்டர், அதற்கென்று தனியாக எழுதாவிட்டால், ‘பதினைந்து’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். எந்த மாதத்துப் பதினைந்து?

நீங்கள் என்ன செய்யலாம்?

டேட் பிக்கரில் எழுத்து தெரியவில்லை என்றால் முதலில் டார்க் மோடை ஆஃப் செய்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். வெள்ளை மேல் வெள்ளைப் பிரச்னை என்றால் உடனே தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டில் டிஸ்பிளே அல்லது ஆக்சஸிபிலிட்டி பகுதியில் எழுத்து அளவு, போல்டு டெக்ஸ்ட், ஹை கான்ட்ராஸ்ட் டெக்ஸ்ட் ஆகியவை இருக்கும். போன் பிராண்டைப் பொறுத்து இடம் கொஞ்சம் மாறும். ஐபோனில் ஆக்சஸிபிலிட்டிக்குள் ‘பெர்-ஆப் செட்டிங்ஸ்’ என்று ஒன்று ஐஓஎஸ் 15 முதல் இருக்கிறது. தொல்லை தரும் அந்த ஓர் ஆப்புக்கு மட்டும் எழுத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டிக்கொள்ளலாம். இதெல்லாம் செய்தும் எண்கள் வளரவில்லை என்றால், ஐபோனில் ‘ஜூம்’, ஆண்ட்ராய்டில் ‘மேக்னிஃபிகேஷன்’ வசதியை ஆன் செய்து அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

முழு போனையும் தமிழுக்கு மாற்ற விருப்பமில்லாதவர்கள் ஒரே ஓர் ஆப்பை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் ஐஓஎஸ் 13 முதலும், ஆண்ட்ராய்டில் 13-வது பதிப்பு முதலும் இந்த வசதி உண்டு. அந்த ஆப் தமிழை ஆதரிக்க வேண்டும், அவ்வளவுதான். வாரத்தின் முதல் நாளை ஆண்ட்ராய்டு 14-ல் மொழி செட்டிங்ஸில் உள்ள ‘ரீஜனல் பிரிஃபரன்சஸ்’ பகுதியிலும், ஐபோனில் ‘லேங்குவேஜ் அண்ட் ரீஜன்’ பகுதியிலும் மாற்றலாம்.

பணம் கட்டும் முன், கடைசித் திரையில் தேதி மாதப் பெயரோடும் கிழமையோடும் எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். கிழமை ஒத்துப்போகவில்லை என்றால், தேதியைத் தவறாகத் தொட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.